வேலையில் சேரும் முதல் வாரம்: யாரையும் விட்டுவிடாத பயிற்சி பற்றிச் சில கேள்விகள்

புதிதாக வேலையில் சேருபவர்களுக்கான அறிமுகப் பயிற்சிகளைப் பதினாறு ஆண்டுகளாக அமைத்து வருகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் பார்வை மங்கத் தொடங்கியது. இப்போது திரைவாசிப்பான் மென்பொருளின் குரலைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். பயிற்சி கொடுத்தவளாகவும், பயிற்சியில் திண்டாடியவளாகவும் பதில் சொல்கிறேன்.

மனிதவளத் துறை அலுவலர்: சேரப்போகிறவரிடம் உடல்நிலை பற்றி எப்படிக் கேட்பது? புண்படுத்திவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது.

உடலைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேலைக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பணி நியமனக் கடிதத்தோடு எல்லோருக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள்: "முதல் வாரப் பயிற்சியில் எழுத்து, ஒலி, இடம், நேரம் இவற்றில் உங்களுக்கு ஏதேனும் ஏற்பாடு தேவையா?" பெரிய எழுத்து, சைகை மொழிபெயர்ப்பாளர், கூடுதல் இடைவேளை என்று சில எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துவிட்டால், கேட்கலாமா கூடாதா என்ற கூச்சம் அவருக்கு இருக்காது.

எல்லோரிடமும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பலரைப் பார்த்தவுடன் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

கேட்டுவிட்டுப் படிவத்தைக் கோப்பில் போட்டு மூடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம். ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, எனக்குத் திரைவாசிப்பான் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் தரப்பட்ட கணினியில் அது இல்லை. நிறுவிக்கொள்ள எனக்கு அனுமதியும் இல்லை. ஒப்புதல் வர மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பொறுமையில் நடந்த பயிற்சி அது. ஆகவே, வரும் பதிலை எந்தத் தேதிக்குள் யார் நிறைவேற்ற வேண்டும் என்பதைப் படிவத்திலேயே எழுதிவையுங்கள்.

கணினிப் பிரிவு ஊழியர்: அந்தத் தாமதத்துக்கு எங்களைத்தானே குறை சொல்கிறீர்கள்?

ஆம், பாதிக்குப் பாதி. ஆனால் ஆள் வந்த பிறகுதான் உங்களுக்கே தகவல் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். என்விடிஏ (NVDA) போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்களைப் பாதுகாப்புச் சோதனை முடித்து அனுமதிப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. செலவு என்ற சாக்கும் இல்லை. பிறகு உங்கள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு விடுப்புக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அங்கேதான் நாங்களும் மாட்டிக்கொள்கிறோம்.

பயிற்சியாளர்: கையேடு முழுவதையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டோம். போதுமா?

ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். திரைவாசிப்பானுக்கு வெறும் வெள்ளைத்தாள். முடிந்தாலும், தலைப்புகள் தலைப்புகளாகவே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே தடித்த எழுத்தில் இருந்தால் அறுபது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். அழகுக்காக வெளிர்சாம்பல் எழுத்து போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டும்படி இருப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறை.

அதே பயிற்சியாளர்: காணொளிகளுக்குத் தானியங்கி சப்டைட்டில் இருக்கிறதே?

அது தவறு செய்வது ஆட்களின் பெயர்களிலும் உங்கள் அலுவலகச் சுருக்கப் பெயர்களிலும்தான். புதிதாக வருபவருக்குத் தெரியாத சொற்களும் அவையே. ஒருமுறை உட்கார்ந்து திருத்துங்கள். காணொளியில் "இதோ, இங்கே அழுத்துங்கள்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். எனக்கு "இங்கே" என்று ஓர் இடம் கிடையாது. பொத்தானின் பெயரைச் சொல்லுங்கள்.

குழுத் தலைவர்: பாதுகாப்புத் தேர்வுக்குப் பத்து நிமிட வரம்பு உண்டு. தளர்த்தினால் மற்றவர்களுக்கு அநியாயம் ஆகாதா?

தீ அணைப்பான் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்களா, விரலின் வேகத்தைப் பார்க்கிறீர்களா? நேரமே தேர்வின் உயிர் என்றாலொழிய, வரம்பு தீரும் முன் எச்சரித்து எளிதாக நீட்டிக்க வழி தர வேண்டும் என்பது அதே டபிள்யூசிஏஜி நெறிமுறை. படங்களை இழுத்துப் பொருத்தும் கேள்விகளுக்கு, இழுக்காமலே விடை தரும் வழி வேண்டும் என்பதை 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு சேர்த்தது. அநியாயம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது. அளவுக்கு மீறிய சுமையை அதுவும் கேட்கவில்லை.

ஆட்டிசம் உள்ள பணியாளர்: முதல் நாள் விளையாட்டுகளும் கூட்டு மதிய உணவும் எனக்கு வதை. சொன்னால் ஒட்டாதவன் என்கிறார்கள்.

"உங்களைப் பற்றிச் சுவாரசியமான ஒன்று சொல்லுங்கள்" என்ற கேள்வியை நானும் வெறுக்கிறேன். எனக்கு ஆட்டிசம் இல்லை. நாளின் நிகழ்ச்சி நிரலை, யார் யார் வருவார்கள், எந்த அறை, எப்போது இடைவேளை என்பது வரை இரண்டு நாள் முன்பே எழுத்தில் தரும்படி கேளுங்கள். மதிய உணவு விருப்பத்துக்கு உட்பட்டது என்ற வரியை நிறுவனம்தான் எழுத வேண்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

வரவேற்புக் குழு உறுப்பினர்: காது கேளாதவர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு வருகிறார். யாரைப் பார்த்துப் பேசுவது?

சேருபவரைப் பார்த்து. "அவரிடம் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாதீர்கள். நாள் முழுக்க நடக்கும் பயிற்சி என்றால் இருவரை ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வது வழக்கம். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. திரையில் பக்கத்தைப் போட்டவுடன் பேசத் தொடங்காதீர்கள். திரையைப் படிக்கும் கண்ணால்தான் அவர் சைகையையும் பார்த்தாக வேண்டும்.

புதிதாகச் சேருபவருக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர்: நானும் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டுமா?

தேவையில்லை. கேட்காமல் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளாமல் இருந்தால் போதும்.

கட்டட மேலாளர்: சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. இன்னும் என்ன?

தீ விபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று நீங்கள்தான் பலகை மாட்டியிருக்கிறீர்கள். அப்போது நான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்படி இறங்குவார்? அவருக்கென்று வெளியேறும் திட்டம் முதல் நாளே எழுத்தில் வேண்டும்: எந்தப் பாதுகாப்பான இடத்தில் காத்திருப்பார், படிக்கட்டில் இறக்க உதவும் மீட்பு நாற்காலி எங்கே இருக்கிறது, அதை இயக்கப் பழகிய இருவர் யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் யார். அவரையும் உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள். அடுத்த தீயணைப்பு ஒத்திகையில் அவரை மட்டும் "நீங்கள் வர வேண்டாம்" என்று மேசையிலேயே விட்டுவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.