பால் மெஸ்கலுக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி: ‘நார்மல் பீப்பிள்’ என்ற ஒரே டிவி தொடரில் அயர்லாந்து நடிகர் பால் மெஸ்கல் உலகப் புகழ் பெற்றது வெறும் அதிர்ஷ்டம்தானே? அவரைக் காட்டி, அயர்லாந்துக்கு நடிப்புப் படிக்கப் போகிறேன் என்கிறான் என் மகன். என்ன சொல்லிப் புரிய வைப்பது?

பதில்:

அந்த ‘வெறும்’தான் என்னை எழுத உட்கார வைத்தது. என் மகள் விஷயத்தில் சொந்தக்காரர்கள் எல்லோர் வாயிலும் இதே சொல்லைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் மெஸ்கல் வளர்ந்த மேனூத் இருக்கும் கில்டேர் கவுன்டியில்தான் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நானும் குடியிருக்கிறேன். ஃபேக்டரியில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், ஷிஃப்ட் வேலை. சினிமா விமர்சகன் இல்லை. மெஸ்கலை நேரில் பார்த்ததும் இல்லை. ‘பக்கத்து ஊர்க்காரன் என்று தூக்கிப் பிடிக்கிறான்’ என்று யாராவது கமென்ட் போடுவார்கள். போடட்டும்.

உங்கள் கேள்வியைப் படித்தால், 2020-இல் அவர் எங்கிருந்தோ குதித்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அவர் பிறந்தது 1996-இல். அம்மா போலீஸ் வேலையில் இருந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், நாடகத்தில் நடித்தவரும்கூட. ஆக வீட்டில் நாடக வாசனை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்ம ஊர்க் கணக்கில் வாரிசு என்று சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. பையன் முதலில் பெயர் எடுத்தது கேலிக் ஃபுட்பாலில், அதாவது அயர்லாந்தின் சொந்தப் பந்தாட்டத்தில். கில்டேர் கவுன்டியின் சிறுவர் அணியிலும் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியிலும் தடுப்பாட்டக்காரர். இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது, நாடே பார்க்கிற இறுதிப் போட்டியில் ஆடுகிறவனும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். அப்புறம் தாடையில் அடிபட்டது, ஆட்டம் நின்றது.

இதற்கு நடுவில் பதினாறு வயதில் பள்ளி நாடகத்தில் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வின் முகமூடி நாயகனாகப் பாடி நடித்திருக்கிறார். பள்ளி நாடகம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததே அங்கேதான் இருக்கிறது.

இங்கே பத்தாம் வகுப்பு வயதில் ‘டிரான்சிஷன் இயர்’ என்று ஒரு வருடம் உண்டு. பொதுத்தேர்வு இல்லாத வருடம். விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சமையல், முதலுதவி, கடையிலோ ஆபீஸிலோ சில வாரம் வேலை அனுபவம், மலையேற்றம் என்று போகும். நிறைய பள்ளிகளில் அந்த வருடம்தான் பாட்டு நாடகம் போடுவார்கள். என் மகள் அந்த வருடம் எடுத்தபோது, நாடகத்துக்குக் கேபிள் இழுக்கத் தெரிந்த பெற்றோர் யாராவது வர முடியுமா என்று பள்ளியில் கேட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து மதியம் வரை தூங்கிவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்குப் போய் நிற்பேன்.

பள்ளியின் விளையாட்டுக் கூடம்தான் அரங்கம். தரையில் கூடைப்பந்துக் கோடுகள் மேல் மடக்கு நாற்காலிகள். பிள்ளைகள் கன்னத்தில் மைக்கை ஒட்டியிருக்கும் டேப், வியர்வையில் பிய்ந்துகொண்டே இருக்கும். ஒரு டீச்சர் டேப் சுருளைக் கைவளையல் மாதிரி போட்டுக்கொண்டு பின்னால் ஓடுவார். கோரஸில் நின்றவர்களில் பாதிப் பேர் ஃபுட்பால் டீம் பையன்கள். பிராக்டிஸ் முடித்துச் சேற்றோடு, பல்காப்பு ரப்பரைப் பையில் சொருகிக்கொண்டு நேராக மேடைக்கு வருவான்கள். ஒருவன்கூட இன்னொருவனைக் கிண்டல் செய்யவில்லை. டீமில் தடுப்பாட்டம் ஆடுகிறவன் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு பாடுவது இங்கே சாதாரண விஷயம். மெஸ்கல் மாதிரி ஒருவர் வருவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம். என் எண்ணம்தான், ஆராய்ச்சி எல்லாம் இல்லை.

நாடகத்தில் என் மகள் பாடும் வீடியோவை ஊருக்கு அனுப்பினேன். திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, போன் போட்டார். “என்னடே, பொம்பளப் புள்ளைய கூத்தாட விட்டுட்டு நீ லைட்டு புடிச்சிக்கிட்டு நிக்கியா?” பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பேரன் டான்ஸ் ரியாலிட்டி ஷோவுக்குப் போனபோது குடும்பக் குரூப்பில் ஓட்டுப் போடச் சொல்லி உயிரை வாங்கினவர் இவர்தான் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

பிறகு அவள் லிர் அகாடமிக்கு விண்ணப்பித்தாள். மெஸ்கல் படித்த இடம். டிரினிட்டி கல்லூரியோடு சேர்ந்தது, 2011-இல் ராடா என்ற லண்டன் நடிப்புப் பள்ளியின் துணையோடு டப்ளினில் தொடங்கியது. மூன்று வருட நடிப்புப் பட்டம். அங்கே மதிப்பெண் உங்களைக் கரை சேர்க்காது, ஆடிஷன்தான் எல்லாம். வருடத்துக்குப் பதினைந்து பதினாறு பேரைத்தான் எடுக்கிறார்கள். ஒரு பழைய நாடக வசனம், ஒரு இக்கால வசனம் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

அன்று அவளே காரை ஓட்டுகிறேன் என்றாள், நான் விடவில்லை. காரணம் பயம் இல்லை, இன்சூரன்ஸ். எல் போர்டு போட்ட பிள்ளையை என் பாலிசியில் சேர்க்க ஒரு கம்பெனி கேட்ட தொகையில் இன்னொரு பழைய காரே வாங்கலாம். நான் வந்த புதிதில், நம்ம ஊரில் எத்தனையோ வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு அத்தாட்சி கொண்டுபோனேன். அது எங்களுக்குச் செல்லாது என்று ஒரே வரியில் பதில். நெல்லை ஜங்ஷனில் ஆட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓட்டியவனுக்கு அனுபவமில்லையாம்! சரி, அது வேறு கதை. எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

உள்ளே வரவேற்பு இடத்தில் பத்திருபது பிள்ளைகள். ஒருத்தி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், ஒருவன் தரையில் படுத்து முதுகை நீட்டுகிறான். இன்னொருவன் எதைப் பற்றியும் கவலைப்படாமல் சிக்கன் ஃபில்லெட் ரோலைத் தின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் வெளியே வந்ததும் அவன் மட்டும் அழுதான். என் மகளுக்கு அடுத்த சுற்றுக்கு அழைப்பு வரவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இப்போது கால்வேயில் வேறு ஏதோ படிக்கிறாள். கல்லூரி நாடகக் குழுவுக்கு லைட் போடுகிறாள் என்பதில் எனக்கு ரகசியப் பெருமை.

அந்த வடிகட்டலைத் தாண்டி உள்ளே போனவர் மெஸ்கல். குரல், உடல், மூச்சு என்று மூன்று வருடம் பிழிந்தெடுத்துத்தான் 2017-இல் வெளியே விட்டார்கள். அந்த வருடமே டப்ளின் கேட் தியேட்டரில் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாடகத்தில் கேட்ஸ்பி வேடம். அடுத்த வருடம் லண்டனில் மேடை. நடுவில் டென்னி சாஸேஜ் விளம்பரத்திலும் நடித்திருக்கிறார், இங்கே இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளி மேடையிலிருந்து கணக்குப் போட்டால் ‘நார்மல் பீப்பிள்’ வருவதற்கு எட்டு வருடம். ஒரே தொடரில் வந்த புகழ் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். தொடர் வந்தது 2020 ஏப்ரல் கடைசியில். எல்லோரும் லாக்டவுனில் வீட்டுக்குள். பன்னிரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான். ஊரே உட்கார்ந்து பார்த்தது. அவர் கழுத்தில் கிடந்த வெள்ளிச் சங்கிலிக்குத் தனியாக ரசிகர் கூட்டம். அவர் தன் சங்கிலி ஒன்றைக் குலுக்கலில் விட்டுத் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 70,000 யூரோ வரை திரட்டிக் கொடுத்தார். லண்டனில் ஓநீல்ஸ் கம்பெனியின் கேலிக் ஃபுட்பால் அரைக்கால்சட்டையோடு கடைக்குப் போன படம் வந்ததும் அது ஃபேஷன் ஆகிவிட்டது. எங்கள் வீட்டு ஹீட்டர் மேல் வருடக்கணக்காகக் காய்கிற அதே கால்சட்டை! இதெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தொடரில் நண்பன் தற்கொலை செய்துகொண்ட பிறகு கானல் (மெஸ்கலின் வேடம்) மனநல ஆலோசகர் முன் உட்கார்ந்து பேசும் இடத்தைப் பாருங்கள். முகத்தை விட்டு கேமரா அதிகம் நகராது. முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவனாக இருப்பான். வாக்கியம் பாதியில் நிற்கும், கண் கீழே போகும், பிறகு அழுகை அவனையும் மீறி வரும். அழுவது அவனுக்கே வெட்கமாக இருக்கிறது என்பதும் சேர்ந்து தெரியும். அது அதிர்ஷ்டத்தில் வருமா? அதற்குத்தான் பிரிட்டிஷ் பாஃப்டா டிவி விருது, எம்மி பரிந்துரை எல்லாம்.

அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். சின்ன பட்ஜெட்டில், புது இயக்குநர் சார்லட் வெல்ஸின் ‘ஆஃப்டர்சன்’. மகளோடு துருக்கிக்கு விடுமுறைக்குப் போன இளம் அப்பா வேடம். 2023-இல் ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக் கொடுத்தது. அதே சமயத்தில் லண்டன் அல்மெய்டா தியேட்டரில் மேடை. முந்நூற்றுச் சொச்சம் இருக்கைதான். அதற்கு லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது. ரிட்லி ஸ்காட்டின் ‘கிளாடியேட்டர் 2’ வந்தது 2024-இல்தான். 2025-இல் ‘ஹாம்நெட்’ படத்தில் ஷேக்ஸ்பியர்.

இப்போது யாராவது இன்னொரு அயர்லாந்து நடிகர் பேரி கியோகனைக் கொண்டுவருவார்கள். நியாயம்தான். டப்ளினில் அம்மா போதையில் சிக்கியதால் சகோதரனோடு பதின்மூன்று வளர்ப்பு வீடுகள் மாறி, அம்மாவையும் போதைக்குப் பலிகொடுத்து, பாட்டியிடம் வளர்ந்தவர். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘நடிகர்கள் தேவை’ நோட்டீஸைப் பார்த்துப் போய்த்தான் முதல் படம். நாடகப் பட்டம் எதுவும் வாங்கவில்லை, ஆஸ்கர் பரிந்துரை வரை வந்துவிட்டார். ஆக லிர் ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கியோகனைக் காட்டிப் படிப்பு வேண்டாம் என்கிறவர்கள், அந்த மாதிரி நோட்டீஸைப் பார்த்துப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களையும் எண்ண வேண்டும்.

நிஜமான குலுக்கல் ஒன்றும் இங்கே நடந்தது. 2022-இல் அரசு கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் என்று ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்து, தகுதியுள்ளவர்களிலிருந்து 2000 பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தது. படமெடுக்கிறவர்களுக்கு 32 சதவீதம் வரிச்சலுகையும் உண்டு. இவ்வளவு சின்ன நாட்டிலிருந்து இத்தனை நடிகர்கள் எப்படி என்று கேட்டால், அந்த விளையாட்டுக் கூடத்தையும் இந்தப் பணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் தேனும் பாலுமில்லை. வாடகை கொடுக்க முடியாமல் இளம் கலைஞர்கள் டப்ளினை விட்டு ஓடுவதும் இங்கேதான்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஐரோப்பியக் குடிமகன் இல்லை என்றால் கட்டணம் கூடுதல். வகுப்பு நடக்கிற காலத்தில் மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதை நம்பி டப்ளின் வாடகை கட்ட முடியாது. ஆடிஷனில் ஆங்கில வசனத்தைத் தன் வாய்மொழியாகப் பேச வேண்டும். இவ்வளவையும் அவனிடம் சொல்லுங்கள், அதிர்ஷ்டக் கதையை விட்டுவிடுங்கள். முதலில் நீங்கள் இருக்கிற ஊரிலேயே ஒரு நாடகக் குழுவில் ஒரு வருடம் இருக்கட்டும். வேடம் கிடைக்காத நாளிலும் ஒத்திகைக்குப் போகிறானா என்று பாருங்கள். போனால் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பதில் தாமதமாக வரும்.