32 ஜிபியையும் பங்கு போட்டுவிட்டால் ஹோஸ்ட் எதைச் சாப்பிடும்?

கணினி: கேள்வி - பதில்

கேள்வி: நெடுங்கண்டத்தில் ஏலக்காய் வியாபார ஆபீஸ் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். 32 ஜிபி ரேம் உள்ள சர்வரில், ஒரே கணினியைப் பலவாகப் பிரித்து ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் போட்டு மூன்று விஎம் (மெய்நிகர் கணினி) ஓடுகின்றன. கணக்குக்கு விண்டோஸ் சர்வர் 16 ஜிபி, பில்லிங்குக்கு உபுண்டு 8, கேமரா பதிவுக்கு 8. ஏலம் உள்ள நாளில், வேலை மும்முரமாக இருக்கும்போது கணக்கு விஎம் மட்டும் பட்டென்று நின்றுவிடுகிறது. கரண்ட் கோளாறு என்று யுபிஎஸ் பாட்டரி நான்கையும் முதலாளி மாற்றிவிட்டார். அப்படியும் நிற்கிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகர், நெடுங்கண்டம்

பதில்: பாட்டரிக்குக் கொடுத்த காசு போனதுதான். முதலாளியையும் குறை சொல்ல மாட்டேன். நான் கம்பத்துக்காரன், கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, குமுளி பக்கம் ஆபீஸ் ஆபீஸாகப் போய் வருவதுதான் பிழைப்பு. இடி இடித்தால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிற ஊர்களில் எது நின்றாலும் முதல் பழி கரண்டுக்குத்தான். ஆனால் கரண்ட் போனால் மூன்றும் சேர்ந்தல்லவா நிற்க வேண்டும்? பெரியது மட்டும் நிற்கிறது என்றால் அதை யாரோ கொல்கிறார்கள்.

விண்டோஸுக்குள் போய் ஈவன்ட் வியூவரைப் பார்த்திருப்பீர்கள். 41 என்ற எண்ணில், முறையாக அணைக்காமலே மறுபடி கிளம்பியதாக ஒரு பதிவு இருந்திருக்கும். விண்டோஸுக்கு அதற்கு மேல் தெரியாது. தூக்கத்தில் செத்தவனிடம் காரணம் கேட்ட மாதிரி. பார்க்க வேண்டிய இடம் ஹோஸ்ட்டின், அதாவது விஎம்களைத் தாங்கும் அசல் சர்வரின், கர்னல் பதிவு (அதன் லினக்ஸின் மையப் பகுதி எழுதும் குறிப்பு). அங்கே ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கி, கொல்லப்பட்ட புராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணும் அடைப்புக்குள் விஎம்மை ஓட்டும் ‘கேவிஎம்’ என்ற பெயரும் உள்ள ஒரு வரி கிடைக்கும். ஹோஸ்ட்டுக்கு ஒவ்வொரு விஎம்மும் ஒரு சாதாரண புராசஸ், அவ்வளவுதான். ரேம் தீர்ந்து மூச்சு முட்டும்போது லினக்ஸ் யாராவது ஒருவரைக் கொன்று இடம் பண்ணும். பெரும்பாலும் அதிக ரேமைப் பிடித்து வைத்திருப்பவர் தலைதான் உருளும். உங்கள் ஆபீஸில் அது கணக்கு விஎம். எது நிற்கக் கூடாதோ அதுவே முதலில் போகிறது.

சரி, 16, 8, 8 கூட்டினால் 32 சரியாகத்தானே வருகிறது என்பீர்கள். சரியாக வருவதுதான் தப்பு. ஹோஸ்ட் எதைச் சாப்பிடும்? 16 ஜிபி என்று கொடுத்த விஎம்முக்கு, அதை ஓட்டுகிற நிரலின் சொந்தச் செலவாக இன்னும் சில நூறு எம்பி போகும். டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு என்றால் வீட்டில் இன்னொரு பெரிய ஆளும் இருக்கிறார்: டிஸ்க்கில் படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் ஆர்க் எனும் கேஷ். பழைய இன்ஸ்டலேஷன்களில் அது ஹோஸ்ட் ரேமில் பாதி வரை, உங்களுக்கு 16 ஜிபி வரை, வளரலாம். கேட்டால் திருப்பித் தரும்தான், அவசரத்துக்குத் தராது. புராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாகப் போடும்போது இதை 10 சதவீதத்துக்கு அடக்கியிருக்கிறார்கள். பழையதை அப்டேட் பண்ணி வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நாமே இசட்எஃப்எஸ் மாட்யூல் அமைப்பில் ஆர்க் உச்ச அளவை எழுத வேண்டும். 4 ஜிபிக்கு 4294967296, பைட் கணக்கு. ரூட் டிஸ்க்கும் இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு தொகுப்பு) புதுப்பித்து ரீபூட்.

ஏல நாளில் மட்டும் ஏன்? லினக்ஸ் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) தொட்ட பக்கத்தை, அதாவது ரேமின் சிறு துண்டை, மட்டுமே ஹோஸ்ட்டிடம் வாங்கும். தொட்டதை, காலியான பிறகும் தானாகத் திருப்பித் தராது. விண்டோஸ் இன்னும் மோசம்: பூட் ஆகும்போதே காலிப் பக்கங்களையெல்லாம் பூஜ்யமாக்கித் துடைப்பதால் 16ஐயும் தொட்டுவிடும். ஆக அது காலையிலேயே முழுசாக வாங்கியாயிற்று. புற்றடி ஏலத்தில் லாட் லாட்டாக எடுத்து பில்லிங் உபுண்டு வேகம் பிடிக்கும்போது, அதுவரை தொடாமல் இருந்த மிச்ச 4 ஜிபியை அது கேட்கிறது. அங்கேதான் உடைகிறது. குற்றவாளி உபுண்டு, தண்டனை விண்டோஸுக்கு.

என் பங்கீடு இப்படி இருக்கும்: கணக்குக்கு 12, பில்லிங்குக்கு 4, கேமராவுக்கு 4, ஆர்க்குக்கு 4, ஹோஸ்ட்டுக்கு 3. 27 ஆயிற்று, மிச்சம் 5 சும்மா கிடக்கட்டும். 12 போதுமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏல நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் ‘இன் யூஸ்’ எவ்வளவு என்று இரண்டு நாள் தாளில் குறியுங்கள். அநேகமாக 9ஐத் தாண்டாது.

அப்புறம், பில்லிங் விஎம்மில் பலூனை (ஓடும் விஎம்மிடமிருந்து ரேமைத் திருப்பி வாங்கும் வசதி) இயக்கி மினிமம் 2 ஜிபி என்று வையுங்கள். ஹோஸ்ட்டின் ரேம் உபயோகம் 80 சதவீதத்தைத் தாண்டினால் புராக்ஸ்மாக்ஸ் அதனிடமிருந்து மெல்ல வாங்கத் தொடங்கும். விண்டோஸில் பலூன் வேலை செய்ய விர்ட்ஐஓ எனும் விஎம்களுக்கான டிரைவர் போட வேண்டும். ஆனால் கணக்கு விஎம்மில் பலூன் விளையாட்டே வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: அண்ணா, பாலக்காட்டில் பாலிடெக்னிக் படிக்கிறேன். உபுண்டுவில் கேவிஎம் வைத்துப் பழகுகிறேன். ஓடும் விஎம்முக்கு விர்ஷ் என்ற கட்டளைக் கருவியில் ‘செட்மெம்’ கொடுத்தால் ஏற்கிறது, ‘செட்மேக்ஸ்மெம்’ கொடுத்தால் மறுக்கிறது. ஏன்? ‘ஹார்ட் லிமிட்’ என்று ஒன்று இருக்கிறதே, அதை வைத்தால் விஎம் அளவு மீறாதா?
- ஒரு மாணவர், பாலக்காடு

பதில்: தம்பி, எங்கள் பக்கம் ‘உச்ச அளவு’ என்றாலே 142 அடி என்று முல்லைப் பெரியாறு அணைப் பேச்சு ஆரம்பித்துவிடும், அதற்குள் போகாமல் சொல்கிறேன். விர்ஷுக்குப் பின்னால் இருக்கும் லிப்விர்ட் எனும் விஎம் நிர்வாக மென்பொருளில் ஒரு விஎம்முக்கு இரண்டு எண்கள். ஒன்று உச்சம்: பூட் ஆகும்போது ‘உனக்கு இவ்வளவு ரேம்’ என்று கெஸ்ட்டிடம் சொல்லிவிடுவது. இன்னொன்று இப்போது கையில் இருப்பது. உச்சத்தை மாற்ற விஎம்மை அணைத்துவிட்டு ‘கான்ஃபிக்’ சேர்த்துக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதை ஓடும்போதே, உச்சத்துக்குள், ஏற்றி இறக்கலாம்.

இறக்குவது எப்படி என்றால், கெஸ்ட்டுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் பக்கங்களைத் தனக்கு என்று வாங்கி ஊதிக்கொள்ளும். அந்தப் பக்கங்களை ஹோஸ்ட் எடுத்துக்கொள்ளும். எதை விட்டுக்கொடுப்பது என்று கெஸ்ட்டே முடிவு செய்வதுதான் இதில் அழகு. விஎம்வேர் கம்பெனியில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் எழுதிய கட்டுரையில் இதை விவரித்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை, சொந்தக் காசில் வாங்கியது. செட்மெம்மில் வெறும் எண் கொடுத்தால் அது கேபி கணக்கு. ஒரு ராத்திரி 4 ஜிபியாக்கலாம் என்று 4096 என்று தட்டி என்டர் அடித்தேன். நான் கேட்டது 4 எம்பி! பலூன் ஊத ஊத உள்ளே ஒவ்வொன்றாகச் செத்தது. முதலில் டேட்டாபேஸ், பிறகு எஸ்எஸ்எச், கடைசியில் லாகின் கேட்கிற திரையும் உறைந்தது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டி ‘ஜி’ எழுத்தைப் போட்டிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஹார்ட் லிமிட்டைத் தொடாதே. கேவிஎம் ஆட்கள் இதை வைக்க வேண்டாம் என்று லிப்விர்ட் ஆவணமே அழுத்திச் சொல்கிறது. அந்த வரம்பு கெஸ்ட்டின் ரேமுக்கு மட்டும் அல்ல, அதை ஓட்டுகிற க்யூஎம்யூ புராசஸ் முழுவதற்கும். அதற்குச் சொந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிக் கணக்கிட வழி இல்லை. குறைத்து வைத்தால் கர்னல் விஎம்மையே கொன்றுவிடும். மீறக் கூடாது என்றால் உச்சத்தையே குறைத்து வை. இல்லாத ரேமைக் கெஸ்ட் கேட்காது.

கேள்வி: எங்கள் விஎம்வேர் சர்வரில் ஒரு விண்டோஸ் விஎம். உள்ளே பார்த்தால் 16 ஜிபி என்கிறது. ஆனால் ஃபைல் ஒன்றைத் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: டிஸ்க் வாங்குவதற்கு முன் விஎம் அமைப்பில் மெமரியை விரித்து ‘லிமிட்’ கட்டத்தைப் பாருங்கள். அங்கே 4096 எம்பி என்று இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். முன்பு 4 ஜிபியில் செய்த டெம்ப்ளேட்டிலிருந்து காப்பி எடுத்து, ரேமை மட்டும் 16க்கு ஏற்றி, லிமிட்டை மறந்திருப்பார்கள். விண்டோஸுக்கு அந்த லிமிட் தெரியாது. 16 இருக்கிறது என்று நம்பிச் செலவு செய்யும். 4க்கு மேல் போனதையெல்லாம் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் விஎம்வேர்) பலூனால் பிடுங்கும், முடியாததை டிஸ்க்கில் ஸ்வாப் செய்யும். டிஸ்க் திணறுவது அதனால்தான். ‘அன்லிமிடெட்’ என்று மாற்றி ஓகே கொடுங்கள். விஎம்மை அணைக்கக்கூட வேண்டியதில்லை.