புதிதாகக் கட்டிய எஞ்சின் திணறுகிறதா? லேப்டாப்பை மூடிவையுங்கள்

கேள்வி: நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பிரித்து ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) போட்டுக் கட்டினேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையும் லேசாகச் சீவியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங் நிற்கவில்லை, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுக்கவில்லை, இன்டேக் பக்கம் பட்டென்று வெடிக்கிறது. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் மாற்றியும் பயனில்லை. புகையைப் பார்க்கும் வைட்பேண்ட் மீட்டர் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டுவதால் லேப்டாப்பில் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறேன். சரிதானா?

பதில்: அந்தக் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. முதலில் பெட்ரோலைக் கூட்டுவதை நிறுத்துங்கள். மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸாகும்போது எரியாத காற்று அப்படியே வெளியே வரும், மீட்டர் அதை லீன் என்று காட்டும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், பிளக் நனைந்து இன்னும் மிஸ்ஸாகும். நடுவில் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங் படியாமலே கெட்டுப்போகும்.

என் சந்தேகம் முழுக்க கேம் டைமிங் மேல்தான், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வு திறக்கும் நேரம் பொருந்துகிறதா என்பதில்தான். 48 பல் உள்ள கேம் சக்கரத்தில் ஒரே ஒரு பல் தவறினாலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கணக்கில் 15 டிகிரி போய்விடும். எஞ்சின் ஓடும், ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் ஓடும். போதாததற்கு ஹெட்டைச் சீவியிருக்கிறீர்கள், அதுவே கேமைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும்.

கிராங்க் புல்லியில் இருக்கும் மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். பல புல்லிகளில் வெளி வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ரப்பர் இருக்கும், பழசானால் வளையம் நழுவி மார்க் வேறு இடத்தில் நிற்கும். பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டர் பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உண்மையிலேயே மேலே வரும் இடத்தைப் பிடியுங்கள். எஞ்சின் சுழலும் திசையிலேயே ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு கேம் மார்க்கைப் பாருங்கள். எங்காவது இடித்தால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். கேம் கம்பெனி கொடுத்த தாளில் உள்ள டிகிரிக்கு, கிராங்கில் டிகிரி வீல் (டிகிரி குறித்த தட்டு) போட்டு வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

அடுத்தது கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம். இன்ஜெக்டர், காயில் இணைப்பைக் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துப் பாருங்கள். நாலும் சமமாகக் குறைந்திருந்தால் டைமிங்கைத்தான் மறுபடி பார்க்க வேண்டும், பெரிய கேமாலும் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைவா? ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு; டேப்பெட் இடைவெளி (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) இல்லாமல் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், இன்டேக்கில் வெடிக்க அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் லேப்டாப்பைத் திறங்கள். நிமிடத்துக்கு 440 சிசி தெளிக்கும் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் 880 போட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவின் மேப்பில் (அமைப்புகளில்) அளவை மாற்றாவிட்டால் பெட்ரோல் இரண்டு மடங்கு போகும். கூடவே டைமிங் லைட் (பிளக் பொறி விடும் நேரத்தைக் காட்டும் விளக்கு) போட்டு, இசியூ சொல்கிற டிகிரியும் எஞ்சினில் தெரிகிற டிகிரியும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.