புதிய காட்டில் ஐந்து நாள் எல்க் (பெரிய மான் வகை) வேட்டை: காற்றைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

கொலராடோவின் ஒயிட் ரிவர் தேசியக் காடு, செப்டம்பரில் ஐந்தே நாள், கையில் வில், இடமோ புதிது. எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்புமுன்பே வரைபடத்தில் ஐந்தாறு இடம் குறியுங்கள்: வடக்குச் சரிவில் அடர்ந்த மரங்கள், பக்கத்தில் புல்வெளியும் தண்ணீரும், வண்டிப்பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டராவது தள்ளி. புதுச் சாணமோ எல்க் புரண்டு கலங்கிய சேற்றுக்குழியோ கண்ணில் படவில்லையா, அரை நாளில் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான்: உங்கள் வாடையை எல்க்கிடம் கொண்டுபோய்விடும். விடியலில் சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறினால் மேலே திரும்பும். திரும்பும் அந்த நேரத்தில் மந்தையை நெருங்கவே வேண்டாம். பொடி தூவிக் காற்றின் திசையைப் பாருங்கள், அது நிலைத்தபின் நகருங்கள்.

எல்க் விழுந்ததும் தோலுரித்துத் துண்டாக்கி, துணிப்பையில் நிழலில் தொங்கவிடுங்கள்; தாமதித்தால் தொடை எலும்பையொட்டித்தான் முதலில் கெடும். பெரிய ஆண் என்றால் எலும்பு நீக்கியும் எண்பது கிலோ தாண்டும், தனியாளாகச் சுமந்து சேர்க்க மூன்று நான்கு நடை. ஆணா பெண்ணா என்று காட்டும் உடற்பகுதியை வெட்டி எடுக்காமல் இறைச்சியோடு ஒட்டியே விடுங்கள், சட்டம் அது.