தாத்தாவின் முகம் நீலமாவது ஏன்?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். தாத்தாவும் பேத்தியும் திண்ணையில் பேசும் காட்சி, படத்தில் 3 நிமிடம்தான். எடுக்க மதியம் 2 மணியிலிருந்து 6 மணி வரை ஆகிவிட்டது. பேத்தியின் ஷாட்கள் நல்ல வெயிலில், தாத்தாவின் க்ளோசப் பொழுது சாயும் நேரத்தில். டாவின்சி ரிசால்வ் என்ற நிறத்திருத்த மென்பொருளில், ஒரு ஷாட்டின் நிறத்தை இன்னொன்றோடு தானாக ஒத்துப்போகச் செய்யும் ஷாட் மேட்ச் கொடுத்தால் தாத்தாவின் முகம் நீலம் பாரித்துவிடுகிறது. கையால் சரிசெய்தாலும் ஷாட் மாறும் ஒவ்வொரு கட்டிலும் நிறம் துள்ளுகிறது. இரண்டு ஷாட்களின் ஸ்டில்களையும் இணைத்திருக்கிறேன்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்டில்களைப் பார்த்தேன். பேத்திக்குப் பின்னால் நீலச் சுவர். தாத்தாவுக்குப் பின்னால் பழுப்பு மரக்கதவு, போதாததற்கு மஞ்சள் வெயில். ஷாட் மேட்ச் முழு ஃப்ரேமையும் கணக்கில் எடுக்கிறது. எது முகம், எது சுவர் என்று அதற்குத் தெரியாது. அந்தச் சுவரின் நீலத்தைத்தான் தாத்தாவின் ஃப்ரேமுக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறது. படம் பார்ப்பவர் கட்டுக்குக் கட்டு கூடவே கொண்டுபோவது முகத்தை. சுவர் கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் நீங்கள் சேர்க்க வேண்டியது, அதாவது ஒன்றுபோல் ஆக்க வேண்டியது, இரண்டு ஃப்ரேம்களை அல்ல, இரண்டு முகங்களை.

முதலில் ஒரு ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள். இருவரும் சேர்ந்து தெரியும் வைட் ஷாட் இருந்தால் அதுவே நல்லது. அதை மனதுக்குப் பிடித்தபடி முடித்துவிட்டு, கேலரியில் ஒரு ஸ்டில் எடுத்து வையுங்கள். மற்ற எல்லா ஷாட்களையும் அந்த ஸ்டிலோடு மட்டும் ஒப்பிடுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு ஷாட்டையும் அதற்கு முந்தைய ஷாட்டோடு சேர்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. நாற்பதாவது ஷாட்டை முதல் ஷாட்டோடு வைத்துப் பார்த்தபோது அது வேறு ஊரில் எடுத்தது போல இருந்தது. கண் எந்த நிறத்துக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும், அதை நம்பி மட்டும் வேலை செய்ய முடியாது.

அதற்குத்தான் ஸ்கோப், படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் வரைபடம். ஸ்டிலை வைப்பில் (wipe, திரையைப் பிரித்து இரண்டு படங்களையும் காட்டும் வசதி) போட்டால் ஸ்கோப்பிலும் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். நிறத்தைத் தொடுவதற்கு முன் வெளிச்சத்தை ஒன்றுபோல் ஆக்குங்கள். நிறம் சேரவில்லை என்று நாம் நினைக்கும் பாதி இடங்களில் உண்மையில் சேராதது வெளிச்சம்தான். வெளிச்சத்தைக் காட்டும் ஸ்கோப்பான வேவ்ஃபார்மில் 0 முதல் 1023 வரை அளவு இருக்கும். வைட் ஷாட்டில் தாத்தாவின் நெற்றி 500 பக்கம் இருந்தால் க்ளோசப்பிலும் அங்கேயே வரட்டும். நிழலை லிஃப்ட்டிலும், பளிச்சென்ற இடங்களை கெய்னிலும், நடுப்பகுதியை காமாவிலும் சரிசெய்யுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் நகரும், இரண்டு மூன்று முறை சுற்றி வர வேண்டியிருக்கும்.

அப்புறம் நிறம். உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு, தாத்தா வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் பரேட் ஸ்கோப்பில் வேட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். சாயங்கால வெயிலில் சிவப்பு சற்று மேலே நிற்பது இயல்பு. மூன்றையும் சமமாக்கி வேட்டியைப் பால் வெள்ளை ஆக்கிவிடாதீர்கள், அந்த நேரத்தின் அழகே போய்விடும். இரண்டு ஷாட்டிலும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் போதும்.

முகத்துக்கு வெக்டர்ஸ்கோப், நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வட்டத்தில் காட்டும் ஸ்கோப். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு, மெனுவில் அதை வரவழைக்கலாம். கறுப்போ மாநிறமோ சிவப்போ, சாதாரண வெளிச்சத்தில் எல்லோருடைய தோலும் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ (அந்தப் பகுதியை மட்டும் பிரிக்கும் எல்லை) போட்டு, அதை மட்டும் ஹைலைட் செய்து பார்த்தால் சுவரும் கதவும் குழப்பாது. திண்ணைக்கு முன்னால் மரம் இருப்பதால் தாத்தாவின் கன்னத்தில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. நிறத்தைப் பச்சைக்கும் மெஜென்டாவுக்கும் இடையே நகர்த்தும் டின்ட்டை மெஜென்டா பக்கம் கொஞ்சம் தள்ளினால் இறங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டிருந்தீர்களா? அப்படியானால் ஒரே ஷாட்டுக்குள்ளேயே நிறம் நகர்ந்திருக்கும். ஒரு ஃப்ரேமில் சேர்த்தது அடுத்த கட் வருவதற்குள் கலைந்துபோகும். ஷாட்டின் தொடக்கம், முடிவு இரண்டையும் பாருங்கள், தேவைப்பட்டால் ஷாட் ஓட ஓடத் திருத்தமும் மாறும்படி கீஃப்ரேம் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கட் மட்டும் துள்ளினால், அந்த இரண்டு ஷாட்களையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். நடுவே தாத்தா வெற்றிலை மடிக்கும் கை, வாசலில் நிற்கும் சைக்கிள் என்று ஏதாவது ஒன்று ஒரு 2 விநாடி வரட்டும்.