டைனோ வார இறுதிக்கு வருமுன்: டர்போ ரோட்டரி கேள்வி பதில்

அமெரிக்காவில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு டைனோவையும் (காரை உருளை மேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி), ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) தெரிந்த ஒரு டியூனரையும் (பெட்ரோல், பொறி அளவுகளைச் சரிசெய்பவர்) சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு அமர்த்திக்கொள்வார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்; ஒரே வகை இன்ஜின் வரிசையாக ஏறுவதால் டியூனரின் கையும் பழகிவிடும். அப்படி ஒரு வார இறுதிக்குப் பெயர் கொடுத்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் 1993–95 எஃப்டி (ஆர்எக்ஸ்-7-இன் மூன்றாம் தலைமுறை), அதாவது இரட்டை டர்போ 13பி-ஆர்ஈடபிள்யூ இன்ஜின். கூடவே ஒரு பழைய எஃப்சி (இரண்டாம் தலைமுறை).

கே: 1993 எஃப்டி. இன்டேக், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), கேட்பேக் (கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னுள்ள எக்ஸாஸ்ட்) மூன்றும் மாற்றியாச்சு. ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) கம்பெனியில் வந்ததுதான். டியூன் வேண்டாம், பவர் எவ்வளவு என்று மட்டும் பார்க்கணும். மூணு ரன் போதும்தானே அண்ணா?

ப: இந்த நிலையில் ஒரு ரன் கூட வேண்டாம். கம்பெனி ஈசியூவில் உள்ள பெட்ரோல் கணக்கு, அடைப்பு மிகுந்த கம்பெனி எக்ஸாஸ்ட்டுக்கும் 10 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கும் (டர்போ தரும் காற்றழுத்தம்) போட்டது. மூன்றையும் திறந்துவிட்டால் சின்ன வேஸ்ட்கேட் (மிச்சப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) வழியால் அந்தப் புகையோட்டத்தைத் தாங்க முடியாது. 6000 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் தானாகவே 13, 14 என்று ஏறும். காற்று கூடும், பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடாது. பிஸ்டன் இன்ஜின் என்றால் கொஞ்சம் நாக் (கலவை தானாகவே தாறுமாறாக வெடிப்பது) அடித்து உங்களை எச்சரிக்கும், பல தடவை பிழைத்தும் கொள்ளும். ரோட்டரியில் 2 மி.மீ. தடிமனுள்ள அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையை ஹவுஸிங் சுவரோடு அடைக்கும் பட்டை) ஒரே ஒரு பலத்த நாக்கில் உடையும். உடைந்த துண்டு ஹவுஸிங்கைக் கீறிக்கொண்டு போய் டர்போ சக்கரத்தையும் அடிக்கும்.

பவர் எஃப்சி (எஃப்சி காரோடு சம்பந்தமில்லை, ஒரு ஈசியூவின் பெயர்) போல மேப் (பெட்ரோல், பொறி அட்டவணை) மாற்றக்கூடிய ஈசியூ ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள். அதுவரை உங்கள் ஆவலுக்கு ஒரு கணக்கு: கிராங்க்கில் 255 குதிரைத்திறன் என்று விற்ற கார், எந்த மாற்றமும் இல்லாமல் டைனோஜெட்டில் சக்கரத்தில் ஏறக்குறைய 215–220 காட்டும்.

கே: முந்தின வாரம் என்னென்ன பார்த்து வைக்கணும்?

ப: முதலில் காம்ப்ரஷன், அதாவது இன்ஜின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. சாதாரண கேஜ் மட்டும் இருந்தால், அதன் முனையில் உள்ள வால்வைக் கழற்றிவிட்டு ட்ரெயிலிங் ப்ளக் துளையில் வையுங்கள் (ஒரு ரோட்டருக்கு இரண்டு ப்ளக்: முதலில் பொறி அடிப்பது லீடிங், பின்னால் அடிப்பது ட்ரெயிலிங்). இன்ஜின் சூடாக இருக்கட்டும். த்ராட்டிலை முழுக்க மிதித்துக்கொண்டு கிராங்க் செய்யுங்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம் என்பதால் முள் மூன்று மூன்றாகத் துள்ளும். மூன்றும் ஒரே அளவாகத் துள்ள வேண்டும். ஒன்று பெரிது, இரண்டு சிறிது என்றால் ஒரு அபெக்ஸ் சீல் போய்விட்டது. ஒரு சீல் இரண்டு முகங்களுக்குப் பொது. ரோட்டரிக்கென்றே வரும் மீட்டரில் பார்த்தால் 250 ஆர்பிஎம் கணக்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பது நிம்மதி. 85-ஐ நெருங்கினால் டியூனுக்கு வைத்த பணத்தை ரீபில்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பூஸ்ட் லீக். இன்டேக் வாயை ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து 10 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, ஒவ்வொரு ரப்பர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். இன்டர்கூலர் வாய், ஒய்-பைப், த்ராட்டில் பாடி முழங்கை மூன்றும்தான் அடிக்கடி காற்று விடும் இடங்கள். டைனோ மேல் ஏறிய பிறகு லீக் தேடினால் போவது எல்லோருடைய நேரமும்.

நாலு ப்ளக்கும் புதிதாக இருக்கட்டும். கம்பெனியில் லீடிங் பியூஆர்7ஈக்யூ, ட்ரெயிலிங் பியூஆர்9ஈக்யூ. பூஸ்ட் ஏற்றுகிறவர்கள் நாலிலும் 9-ஐயே போடுங்கள். ஊருக்குள் கொஞ்சம் சீக்கிரம் கரி பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் ஃபில்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்கவே மாட்டார்கள். மாற்றுங்கள். கம்பெனியின் கறுப்பு பிளாஸ்டிக் ஏர் செபரேட்டர் டேங்க் (கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் தொட்டி) இன்னும் இருக்கிறதென்றால் அது எந்த நிமிடமும் தையலில் பிளக்கும், அலுமினியத்தில் கிடைக்கிறது.

கே: கம்பெனி இன்ஜெக்டர் எவ்வளவு வரை தாங்கும் சார்? பெரிசு போடாமல் 350 எடுக்கலாமா?

ப: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரைமரி 550 சிசி இரண்டு, செகண்டரி 850 சிசி இரண்டு; மொத்தம் நிமிடத்துக்கு 2800 சிசி. 85 சதவீத டியூட்டிக்கு (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் போகக் கூடாது, ஆக 2380 சிசி. அது மணிக்கு ஏறக்குறைய 143 லிட்டர், எடையில் 106 கிலோ. டர்போ ரோட்டரி பெட்ரோலை நிறையவே குடிக்கும். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.28 கிலோ என்று வைத்தால் கிராங்க்கில் 375 வருகிறது. சக்கரத்தில் 320 சொச்சம். நீங்கள் கேட்கும் 350 சக்கரத்தில் என்றால், கம்பெனி இன்ஜெக்டரில் எடுக்க நினைப்பது கடைசிச் சொட்டுவரை பிழிவது. செகண்டரியை 1300 அல்லது 1600 சிசிக்கு மாற்றுங்கள், பம்ப்பையும் சேர்த்து. பம்ப் மாற்றும்போது அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ரிலேயும் கொடுங்கள். பழைய வயரில் மின்னழுத்தம் இறங்கினால் பெரிய பம்ப்பும் சின்ன பம்ப்பாகத்தான் வேலை செய்யும்.

கே: போன தடவை வேறு டைனோவில் ஆர்பிஎம் இரண்டு மடங்காகக் காட்டியது. டார்க் (முறுக்குவிசை) கோடும் தப்பு. ஏன்?

ப: இது ரோட்டரிக்கே உரிய சிக்கல். எஃப்டியில் லீடிங் காயில் ஒன்று. இரண்டு ரோட்டருக்கும் ஒன்றாகவே பொறி அடிக்கும். அதனால் ஆர்பிஎம் எண்ணும் டைனோ கிளிப்பை லீடிங் வயரில் மாட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. ட்ரெயிலிங் காயில் ஒவ்வொரு ரோட்டருக்கும் தனி; அந்த வயரில் சுற்றுக்கு ஒன்று. கிளிப்பை ட்ரெயிலிங்கில் மாட்டி, மென்பொருளில் சுற்றுக்கு ஒரு துடிப்பு என்று வைக்கச் சொல்லுங்கள். ரன் நாலாவது கியரில். எஃப்டியில் அதுதான் நேர் 1:1.

கே: ஏஎஃப்ஆர் (காற்று–பெட்ரோல் விகிதம்) எங்கே வைத்து அளக்கணும்? எக்ஸாஸ்ட் குழாய் முனையில் செருகும் சென்சார் போதாதா?

ப: கேட்டலிஸ்ட் இருக்கிற காரில் முனையில் கிடைக்கும் எண்ணை நம்பி மேப் போட முடியாது. டவுன்பைப்பில், கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால், வைட்பேண்ட் சென்சாருக்கு ஒரு பங் (சென்சாரைத் திருகும் வளையம்) வெல்டு செய்துகொண்டு வாருங்கள். ஏர் பம்ப் இன்னும் மாட்டியிருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். அது எக்ஸாஸ்ட்டுக்குள் சுத்தக் காற்றை ஊதும். சென்சார் அந்த ஆக்ஸிஜனையும் சேர்த்து எண்ணி லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும். அளக்கிற நேரம் மட்டும் அதைத் துண்டித்தால் போதும்.

கே: 6500-க்கு மேல் கிராஃப் ரம்பப் பல் மாதிரி வருது, ஏஎஃப்ஆர் 13-ஐத் தொடுது. பெட்ரோல் கூட்டினால் இன்னும் மோசமாகுது.

ப: பெட்ரோலைத் தொடாதீர்கள். அது மிஸ்ஃபயர். எரியாத கலவையில் உள்ள ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வருவதால் சென்சார் லீன் என்கிறது. உண்மையில் உள்ளே ரிச் (பெட்ரோல் அதிகம்). கூட்டக் கூட்ட ப்ளக் இன்னும் நனையும். பூஸ்ட்டைக் குறைத்து ஒரு ரன் போட்டுப் பாருங்கள். பல் மறைந்தால் சந்தேகமே இல்லை. புது ப்ளக், புது வயர், காயிலின் எர்த் இணைப்பு, ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம் 13.5-க்குக் கீழே இறங்குகிறதா, இந்த வரிசையில் பாருங்கள். அதன் பிறகும் இருந்தால் லீடிங்குக்கு இக்னிஷன் ஆம்ப்ளிஃபயர் தேவை.

கே: 4500 வரை 10 பிஎஸ்ஐ. அப்புறம் 6-க்கு விழுந்து எழவே மாட்டேங்குது.

ப: எஃப்டியில் முதலில் ஒரு டர்போ மட்டும் வேலை செய்யும், 4500 பக்கத்தில் இரண்டாவதும் சேரும். உங்கள் காரில் அது சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அதன் காற்று வெளியே போகிறது. நல்ல எஃப்டியில் 10, மாறும் கணத்தில் 8, மறுபடி 10 என்று இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் வேக்யூம் ஹோஸ் கூட்டத்தில் ஏதோ ஒன்று வெப்பத்தில் கெட்டியாகி, கழன்றோ வெடித்தோ இருக்கும். ஒன்றை மட்டும் தேடி மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது போகும். மேனிஃபோல்டைக் கழற்றிய கையோடு எல்லாவற்றையும் சிலிகான் ஹோஸாக மாற்றி, ஒருவழி வால்வுகளை வாயால் ஊதிச் சோதித்து, சாலினாய்டுகளுக்கு 12 வோல்ட் கொடுத்து டிக்கென்று கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு முழுநாள் வேலை. டைனோ மேல் வைத்துச் செய்யக்கூடியது இல்லை. இது சரியாகாமல் வருவதாக இருந்தால் உங்கள் இடத்தை இன்னொருவருக்குக் கொடுங்கள்.

கே: என்னுடையது 1988 எஃப்சி டர்போ 2. ஃப்யூவல் கட் (பூஸ்ட் எல்லை மீறினால் ஈசியூ பெட்ரோலை நிறுத்துவது) அடிக்காமல் இருக்க ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கேன்.

ப: அந்தப் பெட்டி பூஸ்ட் சென்சாரின் சிக்னலை ஓரளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துவைத்து ஈசியூவை ஏமாற்றுகிறது. அதாவது அந்த எல்லைக்கு மேல் பூஸ்ட் ஏறுவது ஈசியூவுக்குத் தெரியாது. கம்பெனி வைத்த கடைசிக் காவலை எடுத்துவிட்டீர்கள்; அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்ட ஒன்றையும் வைக்கவில்லை. முறையான ஈசியூ வரும்வரை பூஸ்ட்டை ஃப்யூவல் கட்டுக்குக் கீழேயே வைத்திருங்கள்.

கே: டியூனர் எந்த எண்களுக்கு வைப்பார்? எப்போது நிறுத்தச் சொல்லணும்?

ப: எல்லோரும் இதைப் படியுங்கள். அமெரிக்க பம்ப்பில் கிடைக்கும் 93 ஆக்டேன், கம்பெனி டர்போ, 10 முதல் 12 பிஎஸ்ஐ என்று வைத்துச் சொல்கிறேன். பூஸ்ட்டில் ஏஎஃப்ஆர் 11.0–11.5. முதல் ரன் அதைவிட ரிச்சாக, 10.5 பக்கத்தில் தொடங்கி பெட்ரோலை மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். லீனில் தொடங்கிக் கூட்டுகிற டியூனரிடம் ரோட்டரியைக் கொடுக்காதீர்கள். 11.2-க்கும் 11.8-க்கும் நடுவே கிடைப்பது நாலைந்து குதிரைத்திறன்தான். அதற்காக சீலைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை.

லீடிங் டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) 10 பிஎஸ்ஐயில் 15 டிகிரிக்குள் தொடங்கட்டும். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏற ஒரு டிகிரி பின்னுக்கு இழுப்பது பாதுகாப்பான பழக்கம். ட்ரெயிலிங், லீடிங்குக்கு 10 முதல் 15 டிகிரி பின்னால். இந்த இடைவெளியைச் சுருக்கினால் பவர் கொஞ்சம் கூடும், நாக்கும் கூடவே வரும். கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள் உங்கள் ஊர் 91-ஐ டேங்க்கில் போட்டு வாருங்கள். நல்ல பெட்ரோலில் போட்ட மேப்பை மட்டமான பெட்ரோலில் ஓட்டித்தான் பல இன்ஜின்கள் வீடு திரும்பும் வழியில் போகின்றன.

நிறுத்த வேண்டிய இடங்கள்: பூஸ்ட்டில் ஏஎஃப்ஆர் 12-ஐத் தாண்டினால் உடனே. பவர் எஃப்சியில் நாக் எண் 60 தாண்டி செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் உடனே. அந்த எண் சில சமயம் வெற்றுச் சத்தத்தையும் காட்டும், ஆனால் அதை ரன் முடிந்த பிறகு ஆராயலாம். கூலன்ட் 85-ஐத் தொடாமல் தொடங்க வேண்டாம், 105 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தொடர வேண்டாம். இன்டேக் காற்று 50-ஐத் தாண்டினால் பானட்டைத் திறந்து ஃபேன் ஓடட்டும். காலை எடுக்கும்போது அரை மிதியில் தொங்கவிடாமல் முழுக்க எடுங்கள்.

கே: பக்கத்து ஊர் டைனோவில் இதே காருக்கு 25 குதிரைத்திறன் அதிகம் வந்ததே?

ப: டைனோஜெட் உருளையின் நிறையை வைத்துக் கணக்கிடுகிறது. சுமை கொடுக்கும் முஸ்டாங் வகை பொதுவாகக் குறைவாகவே காட்டும். ஒரே டைனோவிலும் எஸ்டிடி திருத்தம், எஸ்ஏஈ திருத்தத்தைவிட (இரண்டும் வானிலைக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் முறைகள்) ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். 300-க்கு அதுவே 12. வேறு வேறு இடத்து எண்களை ஒப்பிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே திருத்தத்தில், டியூனுக்கு முன்பும் பின்பும் உள்ள வித்தியாசம்தான் உங்களுடையது.

கே: வரிசையில் நிற்கும்போது காரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாமா?

ப: தள்ளி நகர்த்துங்கள். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்து பத்தடி ஓட்டி அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி, சீலில் இருக்கும் எண்ணெயைக் கழுவி, காம்ப்ரஷனைப் பறித்துவிடும். அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது. அப்படி ஆகிவிட்டால் ஃப்யூவல் பம்ப் ரிலேயைக் கழற்றி, ப்ளக்குகளை எடுத்து, பத்து விநாடி கிராங்க் செய்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். இக்னிஷனையும் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் பீச்சும். ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில், காய்ந்த ப்ளக், அப்புறம் ஸ்டார்ட். வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும்.

கே: டேங்க்கில் ஆயில் கலக்கணுமா?

ப: மீட்டரிங் பம்ப் (சீலுக்கு எண்ணெய் விடும் பம்ப்) வேலை செய்தாலும் அன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். பம்ப்பை எடுத்துவிட்டவர்கள் அதைப் போல் இரண்டு மடங்கு.

கே: பன்னிரண்டு கார் இரண்டு நாளில் முடியுமா?

ப: ஏழு பேர் முழு டியூன் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம், 14 மணி. ஐந்து பேருக்கு அளவு மட்டும், கட்டி அவிழ்க்கச் சேர்த்து 40 நிமிடம், 3 மணி 20 நிமிடம். நாளுக்குப் பத்து மணி நேரம் வைத்தால் மிச்சம் 2 மணி 40 நிமிடம். ஏதாவது ஒரு கார் ஒரு ஹோஸைக் கழற்றிக்கொள்ளும். அதற்குத்தான் அந்த மிச்சம். முழு டியூன் கார்களில் நாலு சனிக்கிழமையே ஏறட்டும். ஒரு காரில் கோளாறு வந்தால் அரை மணி பார்ப்போம், தீராவிட்டால் இறக்கிவிட்டு அடுத்த காரை ஏற்றுவோம்.

கே: முடிந்த பிறகு டியூனரிடம் என்னென்ன வாங்கிக்கணும்?

ப: மேப் ஃபைல், டைனோவின் மூல ஃபைல், கடைசி ரன்னின் லாக். அச்சடித்த கிராஃப் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து நூறு மைல் ஓட்டியதும் ப்ளக்குகளை எடுத்துப் பாருங்கள். பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளியோ பளபளக்கும் பொடியோ தெரிந்தால் நாக் அடித்திருக்கிறது. பூஸ்ட்டைக் குறைத்து டியூனருக்கு லாக் அனுப்புங்கள். குளிர் தொடங்கியதும் இன்னொரு லாக் எடுங்கள். குளிர்காற்று அடர்த்தியானது, கோடையில் 11.2 இருந்த கார் நவம்பர் ராத்திரியில் பூஸ்ட்டும் ஒரு பிஎஸ்ஐ ஏறி 11.7 காட்டக்கூடும்.