முதலில் வாடகை ஒப்பந்தத்தை வாசியுங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

இணுவிலில் சிற்றுண்டி தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்ததாகவும், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நிரந்தர வதிவிட உரிமை பெற்று கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு குளிர்காலம் கழிந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குளிரை எப்படிச் சமாளிப்பது, பிள்ளைகளை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது, சிறியதோர் உணவுக்கடை தொடங்க இது தகுந்த காலமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், கடை நடத்தும் ஒரு பெண் இந்த ஊரில் பொதுப்பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் வருவதென்றால் யாரைப் பிடிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள். பாடசாலை நீங்கள் குடியிருக்கும் முகவரியைப் பொறுத்து அமையும். கடை தொடங்கத் தகுந்த காலம் என்று ஒன்றை நான் இங்கே கண்டதில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனெனில் வந்த புதிதில் நானும் அதையே கேட்டேன். சங்கத் தலைவரைப் பிடி, நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் இருக்கும் நம்மவரைப் பிடி என்று எனக்குக் கிடைத்த பதில்களால் ஒரு பயனும் விளையவில்லை.

நான் அகதிக் கோரிக்கையோடு வந்து இறங்கியபோது ஸ்காபரோ தனக்கென்று ஒரு மேயரையும் நகரசபையையும் கொண்ட தனி நகரமாக இருந்தது. 1998 ஜனவரி முதலாம் திகதிதான் அது ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. பகலில் ஆங்கில வகுப்பு, இரவில் பிளாஸ்டிக் தொழிற்சாலை என்று சில ஆண்டுகளை ஓட்டிய பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்புச் சமையலறையில் பிறந்தநாள் விழாக்களுக்கு ரோல்ஸ் செய்து கொடுத்துச் சேர்த்த பணத்தோடு, பிளாசா என்று சொல்லும் கடைத்தொகுதி ஒன்றின் மூலையில், வாங்கிக்கொண்டு போகும் ரேக்-அவுட் உணவுக்கடை ஒன்றைத் திறந்தேன். பொதுவாழ்க்கைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்குத் துளியும் இருக்கவில்லை. என்னை அந்தப் பக்கம் தள்ளியது லீஸ் என்று நாம் எல்லோரும் சொல்லும் வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரி.

கடை வாடகைக்கு மேலாக ரீ.எம்.ஐ. என்று ஒரு தொகை வாங்குவார்கள்: சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றும் சேர்ந்தது. நம்மவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பார்களே தவிர, அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஓர் ஆண்டு அந்தத் தொகை கூடியபோது விவரக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். சொத்துவரிக்குக் கீழே, வணிக மேம்பாட்டுப் பகுதிக்கான வரி என்று தனியாக ஒரு தொகை இருந்தது. பீ.ஐ.ஏ. என்று சொல்லப்படும் இந்த அமைப்பு உலகிலேயே முதன்முதலாக இதே ரொறன்ரோவில், புளோர் மேற்குக் கிராமம் என்ற கடைத்தெருவில், 1970 இல் உருவானது. இப்போது நகரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட தெருப் பகுதிக்குள் இருக்கும் வணிகச் சொத்துகளிடமிருந்து நகரசபை அந்தச் சிறப்பு வரியை அறவிட்டு, அந்தப் பகுதியின் நிர்வாக சபையிடமே திருப்பிக் கொடுக்கிறது. பூச்சாடிகள், தெருவிளக்கு அலங்காரம், இருக்கைகள், கோடைகாலத் தெருவிழா எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. சொத்துக்காரர் மட்டுமல்லாமல், அதற்குள் வாடகைக்குக் கடை வைத்திருப்பவரும் அதில் உறுப்பினர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவருக்கு உண்டு. இதற்குக் குடியுரிமை தேவையில்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. நம்மவர்களின் கடைகள் ஆண்டுக்கணக்காக அந்த வரியைக் கட்டிக்கொண்டிருந்தன; கூட்டத்துக்கு ஒருவரும் போனதில்லை.

நான் போனேன். நத்தார் விளக்குகள் ஏன் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பிளாசாவுக்கு முந்திய சந்தியோடு நின்றுவிடுகின்றன என்று கேட்பதற்காகத்தான் போனேன். மண்டபத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். வெள்ளைக்கார வன்பொருட் கடைக்காரர் ஒருவர், கிரேக்க உணவகக்காரர் ஒருவர், லெபனானிலிருந்து வந்து வெதுப்பகம் நடத்திய பெரியவர் ஒருவர் என்று, எல்லோரும் ஒருவரையொருவர் நெடுங்காலமாக அறிந்தவர்கள். என் கேள்விக்குக் கிடைத்த பதில் மிகச் சாதாரணமானது: உங்கள் பக்கத்திலிருந்து யாரும் வந்து கேட்டதில்லை. இனப்பாகுபாடு இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அதை நேரடியாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் "வெள்ளைக்காரன் எங்களுக்கு இடம் தரமாட்டான்" என்று தேநீர்க் கடைகளில் இருந்து பேசுபவர்களில் எத்தனை பேர் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

அடுத்த ஆண்டு நிர்வாக சபைக்கு என் பெயர் முன்மொழியப்பட்டு, நகரசபை நியமித்தது. சம்பளமில்லாத பொறுப்பு. தீர்மானம் ஒன்றை எப்படி முன்வைப்பது, யார் வழிமொழிய வேண்டும், திருத்தம் கொண்டுவருவதற்கும் எதிர்த்து வாக்களிப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் அந்த வெதுப்பகக்காரர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பழைய கூட்டக் குறிப்புகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து, யார் எதற்கு எந்தக் காரணம் சொல்லி எதிர்த்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொள், மனிதர்கள் தங்கள் காரணங்களை எளிதில் மாற்றுவதில்லை என்றார். கடையை அடைத்து எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவிய பிறகு இரவில் அவற்றை வாசித்தேன். என் ஆங்கிலம் அப்படித்தான் வளர்ந்தது. வகுப்பில் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தால் வைத்தியரிடம் போய் வர முடிந்தது. கூட்டக் குறிப்புகளில் கற்ற ஆங்கிலத்தால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் விலைக்கோரலில் ஒரே வேலை இரண்டு இடத்தில் கணக்கிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. பின்னாளில் அதே சபைக்குத் தலைமை தாங்கியபோது என்னைத் தெரிவுசெய்தவர்களில் பெரும்பாலோர் தமிழரல்லர் என்பதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அதற்கிடையில், பேருந்துத் தரிப்பிடம் ஒன்றை இடம் மாற்றும் திட்டம் வந்தபோது ரொறன்ரோ நகரசபையின் கீழ் இந்தப் பகுதி விடயங்களைக் கவனிக்கும் ஸ்காபரோ சமூக சபையின் முன் பேசப் போனேன். முன்கூட்டியே எழுத்தரிடம் பெயர் கொடுத்தால் எந்தக் குடிமகனும், குடியுரிமை இல்லாத எந்தக் குடியிருப்பாளரும் அங்கே பேசலாம். ஒருவருக்கு ஐந்து நிமிடம், கூட்டம் அதிகமானால் அதையும் குறைத்துவிடுவார்கள். அந்தச் சபை கூடும் ஸ்காபரோ குடிமை மையத்தை, 1973 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை, நீங்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அதை வடிவமைத்த ரேமண்ட் மொரியாமா, ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிறுவனாக இந்த நாட்டரசால் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டவர். முகாம் என்ற சொல் நமக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே நாட்டின் நகரம் ஒன்று தன் சபை மண்டபத்தைக் கட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது என்பதை, பேசுவதற்கு என் முறை வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். தொண்டு என்ற பெயரில் புதிதாக வந்தவர்களை இங்கே நிறையவே ஏமாற்றுகிறார்கள், அதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. கனேடிய அனுபவம் கிடைக்கும் என்று சொல்லி இலாபம் ஈட்டும் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ சம்பளமின்றி உங்களை வேலை வாங்கினால் அது தொண்டு அல்ல, உழைப்புத் திருட்டு. என் முதல் வேலைகளில் ஒன்றில், நம் ஊர்க்காரர் ஒருவரே என்னை அப்படிச் சில வாரம் நிறுத்தி வைத்திருந்தார். ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் பகிரங்க விளம்பரங்களில் கனேடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கவே கூடாது. தொண்டு செய்ய விரும்பினால், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்குப் போங்கள். டெய்லி பிரெட் உணவு வங்கியின் கணக்கின்படி 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் ரொறன்ரோ உணவு வங்கிகளுக்கு மக்கள் 34.9 இலட்சம் தடவை வந்திருக்கிறார்கள். அங்கே பெட்டி அடுக்குபவர்களுக்கும் குறைவில்லை, புகைப்படம் எடுக்க வருபவர்களுக்கும் குறைவில்லை. குளிரூட்டியில் எதை எவ்வளவு நாள் வைக்கலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். நீங்கள் சமையல் தொழில் தெரிந்தவர் என்பதால் அங்கே உங்கள் சொல்லுக்கு முதல் நாளிலிருந்தே மதிப்பு இருக்கும்.

கடை திறந்த மறுவாரம் நன்கொடைப் புத்தகத்தோடு ஆட்கள் வருவார்கள். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், விளையாட்டுக் கழகம் என்று எல்லாவற்றுக்கும் ஆண்டு விழா மலர் உண்டு, மலருக்கு விளம்பரம் வேண்டும். கொடுப்பதும் கொடாததும் உங்கள் விருப்பம், ஆனால் வரிச் சலுகைப் பற்றுச்சீட்டு தருகிறோம் என்று சொன்னால் கனடா வருவாய் முகவரகத்தின் பொதுப் பட்டியலில் அந்த அமைப்பின் பெயர் பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் கணக்கும் அங்கேயே இருக்கும். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதும் பதிவுபெற்ற அறக்கட்டளை என்பதும் ஒன்றல்ல. நான் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டதற்காக என்னைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இப்போது தங்கள் கணக்குகளைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள்.

கொஞ்சம் பெயர் வந்ததும் பொன்னாடையும் நினைவுக் கேடயமும் அரசியல்வாதியின் கையெழுத்து அச்சிட்ட வாழ்த்துப் பத்திரமும் வரும். என் வீட்டில் அவற்றுக்கென்று ஓர் அலுமாரி இருக்கிறது. மேடையில் உங்களை இன்னாரின் மனைவி என்று அறிமுகப்படுத்துவார்கள். திருத்துங்கள், சிரித்துக்கொண்டே திருத்துங்கள். அந்த மேடைகளில் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை என்பதை மட்டும் மறவாதிருங்கள்.

பிறகு ஒருநாள், நீங்களே தேர்தலில் நின்றால் என்ன என்று கேட்பார்கள். ரொறன்ரோவில் நகரசபை உறுப்பினர் பதவிக்கு நிற்பதற்கு 100 டொலர் கட்டணமும் 25 வாக்காளர்களின் கையொப்பமும் போதும், ஆனால் குடியுரிமை கட்டாயம்; அதைப் பெற ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நகரசபைத் தேர்தலில் வாக்களிப்பதற்கும் குடியுரிமை வேண்டும். நுழைவது இவ்வளவு எளிது என்பதனால்தான் ஒரே தொகுதியில் நம்மவர் மூன்று நான்கு பேர் நின்று ஒருவரையொருவர் தோற்கடிக்கிறார்கள். 2018 இல் மாகாண அரசு ரொறன்ரோவின் தொகுதிகளை 47 ஆக விரியவிடாமல் 25 ஆகச் சுருக்கிய பிறகு ஒவ்வொரு தொகுதியும் ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் அளவாகிவிட்டது. தெரிந்த முகங்களின் வாக்கை மட்டும் வைத்து அங்கே வெல்ல முடியாது. வணிகர்களுக்கு இன்னுமொரு பொறி இருக்கிறது. வேட்பாளருக்கு நிறுவனங்கள் நன்கொடை கொடுக்க முடியாது, தனிமனிதர் ஒருவர் நகரசபை வேட்பாளர் ஒருவருக்கு 1,200 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது. இலவசமாகக் கொடுக்கும் பொருளும் அதன் சந்தை விலைக்கு நன்கொடையாகவே கணக்கிடப்படும். உங்கள் கடை நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், பரப்புரை அலுவலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பும் ரோல்ஸ் தட்டே சட்டத்தை மீறியதாகிவிடும். "அக்கா, ஐம்பது பேருக்குச் சாப்பாடு மட்டும்" என்று கேட்பவரிடம் விலைப்பட்டியலைக் கொடுங்கள்.

உண்மையாகவே வென்றவர்களின் வழியைப் பாருங்கள். நம்மவரான லோகன் கணபதி 2006 இல் அயல் நகரமான மார்க்கத்தின் நகரசபைக்குத் தெரிவாகி, அங்கே மூன்று தேர்தல்களை வென்ற பின்புதான் 2018 இல் மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். ஜுவனிற்றா நாதன் பாடசாலைகளை நிர்வகிக்கும் கல்விச் சபையில் இருந்து, 2022 இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025 இல் நாடாளுமன்றத்துக்கும் வந்தார். ரொறன்ரோவின் மேயர் ஒலிவியா சௌ, பதின்மூன்று வயதில் ஹொங்கொங்கிலிருந்து வந்த பெண், 1985 இல் கல்விச் சபை உறுப்பினராகத்தான் தொடங்கினார். இவர்களின் அரசியலோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் பாடசாலை, தெரு, கழிவுநீர் என்ற சலிப்பூட்டும் விடயங்களில் ஆண்டுக்கணக்காக இருந்து பழகியவர்கள். வானொலியில் இரண்டு மாதம் விளம்பரம் செய்துவிட்டு நின்றவர்கள் அல்லர்.

உங்கள் கணவர் மாலைக் கூட்டங்களை விரும்பமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். என் கணவரும் விரும்பவில்லை. அவருக்குக் கொத்துரொட்டி போடக் கற்றுக்கொடுத்து, கூட்ட நாட்களில் கடையை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். இப்போது அவருடைய கொத்துக்கென்றே வரும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் செப்டெம்பர் மாதம் பெற்றோர் சபைத் தெரிவு நடக்கும். ஒன்ராறியோவின் ஒவ்வொரு பொதுப் பாடசாலையிலும் அப்படியொரு சபை இருக்க வேண்டும் என்பது விதி, அதன் பெரும்பான்மை பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் விதி. பாடசாலை ஆண்டு தொடங்கி முப்பது நாட்களுக்குள் அதை நடத்தி முடித்துவிடுவார்கள் என்பதால், முதல் வாரத்திலேயே அதிபரின் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்கு இடம் பார்த்துவிட்டால், ஒப்பந்தத்தில் தனிப்பட்ட உத்தரவாதம், அதாவது கடையால் வாடகை கட்ட முடியாவிட்டால் நீங்களே சொந்தப் பணத்தில் கட்டுவதாக வாக்குறுதி, கேட்டிருக்கிறார்களா, ரீ.எம்.ஐ. ஆண்டுக்கு எவ்வளவு கூடலாம் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, கையெழுத்து வைக்கும் முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு, அன்று வாசித்துச் சொல்வேன்.